முதுகு மட்டும் தெரியும் அந்தப் படம்



போன வாரம் நான் ஒரு படம் போட்டிருந்தேன். கடற்கரையில் வரிசையாக 14 நாற்காலி. உட்கார்ந்திருப்பவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. நரைத்த தலைகளும் முதுகுகளும், எதிரே கடலும்தான். "அக்கா, தப்பா எடுத்துட்டீங்களா?" என்று கேட்டவர்கள் நிறைய பேர். நேற்று சாயங்கால பூஜை முடிந்து பிரசாதம் வாங்க வந்த ஓர் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "அன்னதான வேலையப் போட்டுட்டு மூணு நாளா பி.டி. கடற்கரையில என்னாம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

நியாயமான கேள்விதான். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் சமையல்கட்டில் காய் வெட்டுகிற ஐயா ஒருவரைப் பலருக்கும் தெரியும். கேரட்டையும் பீன்ஸையும் அளவுகோல் வைத்தது மாதிரி வெட்டுவார். விடியற்காலை 5 மணிக்கு வரச் சொன்னால் 4.45-க்கு வாசலில் நிற்பார். நாங்கள் அவரை சார்ஜன் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மலேசிய ராணுவத்தில் இருந்தவர். அவரும் அவருடைய பழைய கூட்டாளிகள் நாலைந்து பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை, வசதியில்லாத முன்னாள் ராணுவ வீரர்களை போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போய் மூன்று நாள் தங்க வைத்து அனுப்புவார்கள். பெரிய சங்கம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த காசு, தெரிந்தவர்கள் தருகிற காசு, அவ்வளவுதான். 2018-ல் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, எங்களுக்கும் வயசாயிடுச்சு. சமைக்க, வேன் ஓட்ட, கை பிடிச்சு நடத்த ஆளு வேணும். உங்க குழுவுல கேட்டுப் பாக்குறியா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கோவிட் வந்த இரண்டு வருஷம் தவிர எல்லா வருஷமும் போயிருக்கிறோம்.

யார் இவர்கள் என்று இளையவர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் நாட்டில் அவசரகாலம் 1948-ல் தொடங்கி 1960 ஜூலை 31 வரை இருந்தது. அது முடிந்த தேதியில்தான் இன்றைக்கும் வீரர்கள் தினம் அனுசரிக்கிறோம். அதோடு சண்டை ஓயவில்லை. 1968-ல் மறுபடியும் தொடங்கி, 1989 டிசம்பர் 2-ல் ஹாஜ்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எல்லைக் காடுகளில் நடந்துகொண்டே இருந்தது. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் இன்றைக்கு நாம் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறோம். அந்த ரோட்டை 1970-களில் போட்டபோது, வேலை செய்தவர்களைச் சுற்றி ராணுவம் துப்பாக்கியோடு காவல் நின்றது. அப்படிக் காவல் நின்றவர்களில் தோட்டத்திலிருந்து போன நம் பையன்களும் உண்டு. சிலர் லோரி ஓட்டினார்கள், சிலர் சிக்னலில் இருந்தார்கள், சிலர் காட்டுக்குள்ளேயே நடந்தார்கள்.

அவர்களில் எல்லாருக்கும் ஓய்வூதியம் இல்லை. குறிப்பிட்ட வருஷம் சேவை முடிக்காமல் வெளியே வந்தவர்களுக்கு மாதாமாதம் வரும் காசு கிடையாது. பத்து, பன்னிரண்டு வருஷம் காட்டில் கழித்துவிட்டு வெளியே வந்தவர்கள் தொழிற்சாலையில், பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலைக்குப் போனார்கள். எழுபது வயதில் இன்னும் ராத்திரி ஷிப்ட் நிற்பவர்கள் இருக்கிறார்கள். எங்களோடு வருகிற ஒருவர், மூன்று நாள் லீவுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்.

"பினாங்கு இருக்கு, கேமரன் மலை இருக்கு. ஏன் பி.டி.?" என்று நானும் கேட்டேன். சார்ஜன் ஐயா சிரித்தார். பி.டி. ராணுவத்தின் ஊர். 1933-ல் 25 பேரைக் கொண்டு மலாய் ரெஜிமென்ட்டை ஆரம்பித்ததே அங்கேதான். இன்றைக்கும் முகாம்கள் இருக்கின்றன, ராணுவ அரும்பொருளகம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பயிற்சிக்குப் போன இடமும் அதுதான். "அந்த மண்ணுல மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கோம், படுத்துத் தவழ்ந்திருக்கோம். ஒரு நாள்கூட சும்மா உக்காந்து கடலப் பாத்ததில்ல தங்கச்சி" என்றார்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

முதல் வருஷம் பொறுப்பில் பாதி என் கையில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் விழா நடத்துவதுதான். ஆகவே விழா நடத்தினேன். தங்கிய இடத்தின் முன்னால் பந்தல், பின்னால் பேனர், பொன்னாடை, மாலை, பழத்தட்டு. தலைமை தாங்க ஒரு பிரமுகரையும் அழைத்தேன். புதன்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். 3 மணிக்கு நிகழ்ச்சி. தாத்தாக்கள் எல்லாரும் கோட் போட்டு, பதக்கம் குத்தி, வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பிரமுகர் வந்து சேர்ந்தபோது மணி 5. அப்புறம் பேச்சு. அப்புறம் பொன்னாடை. அப்புறம் படம். ஒருவர் விடாமல் படம். எல்லாம் முடிய 6 மணிக்கு மேல் ஆகிவிட்டது. வியர்வையில் நனைந்த கோட்டோடு அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்திருக்கப் பழகியவர்கள்.

அவர்களில் ஒருவருக்கு அப்போது 85 வயது. 1950-களில் ராணுவ லோரி ஓட்டியவர். வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. மறுநாள் காலையில் சிரம்பானில் அவருக்கு முறை இருந்ததால், அன்று ராத்திரியே மகன் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதாவது, கடலுக்காக அவருக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். நாங்கள் வந்து இறங்கியபோது தண்ணீர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து நான் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனபோது தண்ணீர் இறங்கி ரொம்ப தூரம் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை சேறும் பாறையும்தான். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கடல் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

"அடுத்த வருஷம் வரலாம் தாத்தா" என்று சொன்னேன். அடுத்த வருஷத்துக்குள் அவர் போய்விட்டார். அவர் வீட்டுக்குக் காரியத்துக்குப் போனபோது ஹாலில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. நான் போர்த்திய பொன்னாடையோடு, பேனருக்கு முன்னால், பிரமுகருக்குப் பக்கத்தில் நிற்கிறார். படத்தில் கடல் இல்லை.

அன்றிலிருந்து மேடை இல்லை, பேனர் இல்லை, பொன்னாடை இல்லை. முகம் தெரிகிற படம் எடுப்பதில்லை. கேட்டால்தான் எடுப்போம், எடுத்தால் அவர்கள் வீட்டுக்கு மட்டும் கொடுப்போம். பொன்னாடை போர்த்துவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அது நமக்குத் திருப்தி தருகிற வேலை. அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். அடுத்து வர நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் தேதியே குறிப்போம். பி.டி. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். பௌர்ணமியும் அமாவாசையும் ஒட்டி வந்தால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். ஆகவே அட்டவணையோடு நம் பஞ்சாங்கத்தையும் புரட்டுவோம். சனி, ஞாயிறு போகமாட்டோம். கூட்டம், சத்தம், அறை வாடகையும் அதிகம். இரத்தச் சுத்திகரிப்பு உள்ளவர்களின் நாளைக் கேட்டு, அதற்கு இடையில் அவர்களுக்கு ஒரு முழு நாளாவது கிடைக்கிற மாதிரி வேனைப் பிரித்து அனுப்புவோம்.

அறை கீழ்த்தளத்தில்தான் வேண்டும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குமா என்று நான் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மருந்துகளைப் பேர் எழுதித் தனித்தனி டப்பாவில் போடுவோம். சாப்பாடு நம் கோயில் சமையல் மாதிரிதான், உப்பும் எண்ணெயும் குறைத்து. பாயசத்துக்குச் சண்டை வரும். அரை டம்ளருக்கு மேல் கொடுக்கமாட்டேன்.

அப்புறம் கால். நம்மவர்களுக்குச் செருப்பைக் கழற்றுவது பழக்கம். மணலைப் பார்த்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குச் சூட்டு மணலும் தெரியாது, உடைந்த சிப்பி குத்தினாலும் தெரியாது. இரண்டாம் வருஷம் ஒருவர் பாதத்தில் சிப்பி கிழித்ததை ராத்திரி படுக்கையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அதனால் இப்போது யாரும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சாயங்காலம் ஒரு பேசினில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்ப்போம். முதலில் கூச்சப்படுவார்கள். "நீ எதுக்கும்மா என் கால..." என்று இழுப்பார்கள். மூன்றாம் நாள் பேசினைப் பார்த்ததுமே காலை நீட்டுவார்கள்.

பெரிய வேலை ராத்திரியில்தான். நிறைய பேருக்குத் தூக்கம் வராது. விடியற்காலை 3 மணிக்கு நான் அரிசி ஊறப்போட எழுந்தால் வராந்தாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். முதல் தடவை, "தூங்கலயா ஐயா?" என்று கேட்டேன். "செண்ட்ரிம்மா" என்று சொல்லிச் சிரித்தார் ஒருவர். இப்போது நான் கேட்பதில்லை. தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். பேசினால் கேட்பேன். பேசாவிட்டால் அலைச்சத்தம் போதும். "எத்தனை பேரச் சுட்டீங்க?" என்று கேட்கவே கூடாது. நம் தொண்டர் பையன் ஒருவன் விளையாட்டாக அப்படிக் கேட்டுவிட்டான். அந்தத் தாத்தா சிரித்துக்கொண்டே எழுந்து அறைக்குப் போனவர் மறுநாள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அரும்பொருளகத்துக்கும் விருப்பப்பட்டவர்களை மட்டும்தான் அழைத்துப் போவோம். வாசலில் நிற்கும் பழைய பீரங்கியோடு சந்தோஷமாகப் படம் எடுப்பவர்களும் உண்டு, வேனை விட்டு இறங்காதவர்களும் உண்டு.

இந்த வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்களோடு வருகிற ஒருவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எப்படிப் போனது என்று அவர் சொன்னதே இல்லை. அவரோடு ஒரே பிளட்டூனில் இருந்த மலாய்க்கார நண்பர் வருஷா வருஷம் அவரைப் பார்க்க பி.டி.க்கு வருவார். கையில் எப்போதும் குவே பொட்டலம் இருக்கும். அவர்தான் எனக்குச் சொன்னார். 1970-களின் கடைசியில், வடக்கே எல்லைக் காட்டில், ஜெராங்காப் சாமார். மண்ணுக்குள் புதைத்து வைக்கும் கண்ணி. மரத்தை வெட்டி இடம் பண்ணி, நூரி ஹெலிகாப்டர் வந்து இறங்கி அவரைத் தூக்கிப் போகும் வரை மூன்று மணி நேரம். "அவன் கத்தவே இல்ல. என் கையத்தான் ஒடச்சிட்டான்" என்று மலாயில் சொல்லித் தன் விரலைக் காட்டினார்.

அவர் நாலு வருஷமாக வருகிறார், ஒரு தடவைகூடத் தண்ணீரில் இறங்கியதில்லை. செயற்கைக் காலை உப்புத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மணல் புகுந்தாலும் கெட்டுப்போகும். அதைக் கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும். "இத்தன பேரு பாக்கயில எப்படிம்மா?" என்று சொல்லி நாற்காலியிலேயே இருந்துவிடுவார்.

இந்தத் தடவை தண்ணீர் ஏறும் நேரம் காலை 7 மணிக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "ஐயா, விடியறதுக்கு முன்ன கடற்கரையில ஆளு இருக்காது. போலாமா?" பதில் சொல்லவில்லை. காலை 6.30-க்குக் கதவைத் தட்டினேன். சட்டையோடு கைலி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். கால் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது.

நம் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மாசி மகத்துக்குச் சாமி தூக்குகிற பையன்கள், ஒரே மாதிரி அடி எடுத்து வைக்கத் தெரிந்தவர்கள். முழங்கால் ஆழத்தில் நாற்காலியை இறக்கி, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலாய்க்கார நண்பர் கால்சட்டையை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அலை வந்து அவர் இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "அல போகயில காலுக்கடியில மண்ணு ஓடுதுல்ல தங்கச்சி?"

"ஆமாங்கையா."

"ரெண்டு கால்லயும் ஓடுது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இல்லாத காலில் வலியும் அரிப்பும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக அந்தக் கால் அவருக்கு ராத்திரியில் வலியைத்தான் கொடுத்திருக்கிறது. அன்றைக்குத்தான் வேறொன்று கொடுத்தது போலிருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். பையன்கள் ஒருவரும் "போலாமா" என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் அந்தப் படம் எடுத்தேன். இடமிருந்து மூன்றாவது நாற்காலி அவருடையது.

இதையெல்லாம் நான் ஏன் செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவும் ராணுவத்தில் 12 வருஷம் இருந்தவர். ஓய்வூதியம் இல்லை. நான் படிக்கிறபோது அவர் ஜாகா. அந்த நீலச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் எனக்கு வெட்கமாக இருக்கும், கூட்டாளிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கிறேன். சிரம்பானிலிருந்து பி.டி. ஒரு மணி நேரம்கூட இல்லை. "அப்பா, பி.டி. போலாம்பா" என்று நாங்கள் கேட்டால், "அங்க என்னா இருக்கு? ஆறு மாசம் ஓடிப் பாத்தாச்சு" என்பார். அவருக்குக் கடல் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். 2004-ல் அவர் தவறிப்போகும் வரை ஒரு தடவையும் நாங்கள் போனதில்லை.

இரண்டாம் வருஷம் வராந்தாவில் ஒரு தாத்தா சொன்னார்: "ரெக்ரூட்டா இருக்கயில நெனப்போம்மா, கல்யாணம் ஆனா பொண்டாட்டி புள்ளயக் கூட்டியாந்து இங்க ஒக்கார வைக்கணும்னு. அப்புறம் லீவு கெடச்சா காசு இருக்காது, காசு கெடச்சா லீவு இருக்காது." அன்றைக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். காலையில் எல்லாருக்கும் ரொட்டிதான்.

செயலவையில் ஒருவர் கேட்டது நியாயம்: "கோயில் காசு இதுக்குப் போகுதா?" போகவில்லை. கோயிலிலிருந்து வருவது இரண்டு பெரிய பாத்திரம், வேன், நம் கைகள். பாத்திரத்தைத் துலக்கித் திருப்பி வைத்தாகிவிட்டது, வேனுக்கு எண்ணெயும் நாங்களே ஊற்றிக்கொண்டோம். அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இந்த வருஷம் ஒருவருக்கு ஏறக்குறைய 350 வெள்ளி ஆனது. கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது காசு இல்லை. உங்கள் தாமானில், உங்கள் பிளாட்டில், பழைய ராணுவத்தார் யாராவது தனியாக இருந்தால் சொல்லுங்கள். ஜாகா வேலையில் இருக்கிற வயதானவரிடம் ஒரு நாள் நின்று, "ஐயா முன்ன எங்க வேல செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டுத்தான் இந்த வருஷம் மூன்று பேர் கிடைத்தார்கள். அவசரகாலத்தில் பணியாற்றியவர்கள் எல்லாரும் இன்று 80-ஐத் தாண்டியவர்கள். எங்கள் பட்டியலில் அவர்களில் ஒருவர்தான் மிச்சம். அவர் அடுத்த வருஷம் வரட்டும் என்று நான் இனி விடமாட்டேன். அவருக்கு மட்டும் தண்ணீர் நேரம் பார்த்து, வருகிற பௌர்ணமிக்கு முன்னால் ஒரு நாள் பயணமாகவே போகிறோம். வேனில் இரண்டு இடம் இருக்கிறது. ராத்திரி கண் விழிக்கவும், கால் கழுவவும், பேசாமல் பக்கத்தில் உட்காரவும் முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குப் பிறகு சமையல்கட்டில் என்னைப் பாருங்கள்.

செருப்பு கொண்டுவாருங்கள். கேமரா வேண்டாம்.